க்வா

அன்புள்ள தோழி,

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். செயலியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்ப்பாய் என்பதும் தெரியும். பார்த்தால் பார்.

நீ மான்செஸ்டர் போய் இந்த ஜூலையோடு நான்கு வருஷம். ஏன் போனாய் என்று இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் படிக்கிற இடம். 2021 ஜனவரி 31 முதல் ஹாங்காங்காரர்கள் அங்கே போய்க் குடியிருக்கும் பி.என்.ஓ. விசாவுக்குப் பிரிட்டன் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது, நீயும் கிளம்பினாய். அவ்வளவு போதும்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம். லிஃப்ட் கதவு மூடும்போது உன் கான்டனீஸ் மொழியில் "தாக் ஹான் யாம் சா" என்றாய். நேரம் கிடைத்தால் தேநீர் குடிப்போம். ஹாங்காங்கில் அது வெறும் விடைபெறும் பேச்சு என்று எனக்கு யார் சொன்னார்கள்? கதவைக் கையால் தடுத்து, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். உன் முகம் போன போக்கு! உள்ளே நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆனாலும் சனிக்கிழமை ஷாம் ஷுய் போ வட்டாரத்துத் தேநீர்க்கடைக்கு வந்தாய். நீ தேநீர் ஊற்றினாய். விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்லக் கற்றேன். 'க்வா'வும் அன்றைக்குத்தான். 'வூய்' என்றால் நடக்கும். கடைசியில் ஒரு 'க்வா' சேர்த்தால், நடக்கும்போல, யார் கண்டது. "எங்கள் ஊரில் இதற்குப் 'பார்க்கலாம்' என்போம்" என்றேன். நீ சிரித்ததில் இறால் கொழுக்கட்டை சாப்ஸ்டிக்கிலிருந்து நழுவியது.

விமான நிலையத்தில் நீ தேநீர்ப் பேச்சே எடுக்கவில்லை. "வருவாயா?" என்று நேராகக் கேட்டாய்.

"வூய் க்வா" என்றேன்.

மன்னித்துவிடு. பக்கத்தில் உன் அம்மா அழுதுகொண்டிருந்தார். அதோடு, 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லி வளர்ந்தவன் நான். திரும்பாதவர்களும் அதையே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அப்புறம், அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது யார்? நான்கு வருஷத்தில் உன்னிடமிருந்து வந்தது புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒரு ஸ்டிக்கர். அழைத்தால் "சீ தி", பிறகு பேசலாம். உனக்கு வேலை, குளிர், பையனின் பள்ளிக்கூடம். எனக்கு மட்டும் இங்கே ஓய்வு கொட்டிக் கிடக்கிறதா?

சரி, விடு. நீ விட்டுப்போன குடையைத்தான் இன்னும் பிடிக்கிறேன். கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது.

அக்டோபரில் பத்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். விசா கிடைத்துவிடும். க்வா.

சனிக்கிழமை எத்தனை மணிக்கு?