அப்பாவுக்கு ஒரு கேஸ் கணக்கு

லீட்ஸ்
இங்கிலாந்து
18 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலன்று போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. டியூட்டிக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. "மூணு பேர் இருக்கிற வீட்டில் அப்படி என்னம்மா ஓடுது, இவ்வளவு பில்?" என்றீர்கள். முப்பது வருஷம் ஈ.பி.யில் வயர்மேனாக இருந்தவரிடம் 'குளிர்ப்பா' என்று ஒற்றை வார்த்தையில் முடித்தது எனக்கே மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் கணக்கோடு எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இங்கே பில்லைத் தின்பது கரண்ட் இல்லை, கேஸ். சமையலறைச் சுவரில் ஒரு பாய்லர் மாட்டியிருக்கிறது. அது தண்ணீரைச் சுட வைத்து, குழாய் வழியாக ஒவ்வோர் அறையிலும் இருக்கிற ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டர் என்றால் தட்டையான ஓர் இரும்புப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே சுற்றி, ஆறி, மறுபடி பாய்லருக்கே வரும். கேஸையும் கரண்ட் மாதிரியே கிலோவாட் மணியில்தான், அதாவது நம் யூனிட்டில்தான் கணக்குப் போடுகிறார்கள். 2024 டிசம்பரில் மட்டும் எங்களுக்கு 1,240 யூனிட் ஓடியது. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கிற சூடு ஏறக்குறைய 180 யூனிட்டுக்குச் சமம். அப்படியென்றால் ஒரே மாதத்தில் ஏழு சிலிண்டர்! அம்மா ஒரு சிலிண்டரை இரண்டு மாதம் ஓட்டுவாளே.

இந்த டிசம்பரில் அது 870 ஆகிவிட்டது. யாரும் நடுங்கிக்கொண்டு உட்காரவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல ஆசை.

முதல் வருஷம் நாங்கள் செய்த பெரிய தப்பு, பாப்பா அறைக்குக் கரண்ட் ஹீட்டர் வாங்கியது. இப்போது கரண்ட் ஒரு யூனிட் 27 பென்ஸ் சொச்சம், கேஸ் 6 பென்ஸுக்குப் பக்கம். நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம். இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் அரை பவுண்டுக்கு மேல் போய்விடும். இதில்லாமல், ஒரு யூனிட்டும் ஓடாவிட்டாலும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று இரண்டு மீட்டருக்கும் தனிக் கட்டணம் உண்டு. நம் ஊர் மாதிரி 100 யூனிட் இலவசம் என்ற பேச்சே கிடையாது.

அப்புறம் அந்த பாய்லர் விஷயம். இது உங்களுக்குப் பிடிக்கும். கேஸ் எரியும்போது வருகிற புகையில் நீராவி இருக்கிறது. அந்த நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீரானால், அது வைத்திருக்கிற சூட்டையும் பாய்லர் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய பாய்லர்கள் அதற்கென்றே செய்தவை. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வருகிற தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே ஆறியிருந்தால்தான் அது நடக்கும். எங்கள் பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரை 75 டிகிரியில் வைத்திருந்தார்கள். அதனால் அத்தனை நாளும் நீராவியோடு காசும் வெளியே போய்க்கொண்டிருந்தது. உங்கள் மாப்பிள்ளை பொத்தானை அழுத்தி 58 டிகிரிக்கு இறக்கினார். வீடு சூடேற முன்பைவிட அரை மணி கூடுதலாக ஆகிறது, அவ்வளவுதான். வெந்நீர்த் தொட்டி இருக்கிற வீடுகளில் மட்டும் இப்படி இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது, தொட்டி நீர் சூடு குறைந்தால் கிருமி வளரும். எங்களுக்குத் தொட்டி இல்லை.

'நாள் முழுக்க லேசாக ஓடவிட்டால்தான் மிச்சம்' என்று என்னோடு வேலை பார்க்கிற பெண் சொன்னதை நம்பி ஒரு மாதம் அப்படியே விட்டோம். உள்ளே சூடாக இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் சுவர் வழியாகச் சூடு வெளியே கசியத்தான் செய்யும். ஆளில்லாத நேரத்தில் அதற்கு ஏன் கொட்டி அழவேண்டும்? இப்போது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் நாலு மணியிலிருந்து ஒன்பது வரை. டிசம்பரில் இங்கே மூன்றே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும்.

வீட்டைப் பற்றியும் சொல்கிறேன். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய செங்கல் வீடு, நூறு வயதுக்கு மேல். லீட்ஸில் இப்படி 1937 வரை கட்டியிருக்கிறார்கள். பின்னாலும் இரு பக்கமும் அடுத்தவர் வீடு, முன் சுவர் மட்டும்தான் வெளியே பார்க்கிறது. அது பெரிய உபகாரம். ஆனால் வாசற்கதவைத் திறந்தால் நேரே தெரு. கதவின் அடியிலும், தபால் போடுகிற துளையிலும் ஊதல் காற்று ஊசி மாதிரி நுழையும். துளைக்கு பிரஷ் வைத்த மூடி போட்டோம், கதவுக்குக் கனமான திரை. அம்மா போன வருஷம் பழைய சுங்குடிப் புடவையில் தைத்து அனுப்பிய நீளத் தலையணை உறை இருக்கிறதே, அதில் கிழிந்த துணிகளைத் திணித்துக் கதவடியில் போட்டிருக்கிறேன். அன்றைக்கே கால் சில்லிடுவது நின்றுவிட்டது. சமையலறையில் காற்றுக்கென்று விட்ட துவாரத்தை மட்டும் அடைக்கவில்லை. கேஸ் எரிகிற வீட்டில் அது உயிர் சமாச்சாரம்.

துணி காயவைப்பதுதான் இன்னும் சரியாகவில்லை. ரேடியேட்டர் மேல் போட்டால் அறைக்குச் சூடு வராது, ஈரம் சுவரில் இறங்கிக் கறுப்புப் பூஞ்சை பூக்கும். பாப்பாவுக்கு இருமல் வந்ததே அதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம். இட்லி அவித்த பிறகும் குளித்த பிறகும் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். குளிரில் ஜன்னலைத் திறக்க மனசு வராது. ஆனாலும் திறக்கத்தான் வேண்டும்.

இவ்வளவு மிச்சம் பிடித்தாலும் 18 டிகிரிக்குக் கீழே வீட்டை இறக்குவதில்லை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது, நெஞ்சுச் சளி கட்டுகிறது. ஆஸ்பத்திரி வார்டில் ஒவ்வொரு ஜனவரியும் பார்க்கிறேன்: பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த வயதானவர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியும் அப்படித்தான். எண்பதைத் தாண்டியவர், தனியாள். போன வாரம் கஞ்சி கொண்டுபோனேன். கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தார். வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 13 டிகிரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது அப்பா.

குளிர்காலத்துக்கென்று முதியவர்களுக்கு அரசாங்கம் பணம் தரும். 2024இல் அதை மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். இந்தக் குளிர்காலத்தில் வருஷத்துக்கு 35,000 பவுண்டுக்கு மேல் வருமானம் இல்லாத எல்லா முதியவர்களுக்கும் திரும்ப வந்துவிட்டது. பாட்டிக்கு 300 பவுண்டு. பாங்கில் வந்து விழுந்திருப்பதையே அவர் கவனிக்கவில்லை. இருவரும் சேர்ந்து கணக்கைப் பார்த்தோம். அவர் பாய்லரையும் உங்கள் மாப்பிள்ளை இறக்கிவைத்தார். ஆளில்லாத மாடி அறை ரேடியேட்டரைக் குறைத்துவிட்டு, அவர் உட்காருகிற அறையை மட்டும் 20 டிகிரியில் வைத்திருக்கிறோம். தினமும் டியூட்டி முடிந்து வரும்போது எட்டிப் பார்க்கிறேன்.

மீட்டரை ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்களைப் போலவே டைரியில் எழுதுகிறேன். இந்த வாரம் கேஸ் 188 யூனிட்.

அம்மாவிடம் அந்த மாதிரி உறை இன்னொன்று தைக்கச் சொல்லுங்கள். மூன்றடி நீளம், ஒரு சாண் அகலம் போதும். பாட்டி வீட்டுக் கதவுக்கு.

அன்பு மகள்