டிப்பரை விட்டுத் தீவன வண்டிக்கு மாற நினைக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டிப்பர் வேலையை விட்டுவிட்டுக் கோழித் தீவன மில்லின் வண்டிக்குப் போகலாமா என்று நீ போனில் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதை உன் அம்மா தவறாக எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். மனத்தாங்கல் ஒன்றும் இல்லை என்று அக்காவிடம் சொல்லிவிடு. முப்பத்தொரு வருடம் லைன் வண்டி (வெளி மாநிலங்களுக்குப் போகும் நெடுந்தூர லாரி) ஓட்டியவனிடம் உள்ளூர் வேலையைப் பற்றிக் கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்பதால்தான் நாள் எடுத்துக்கொண்டேன். நாமக்கல்லைச் சுற்றி உன்னைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் டிரைவர்கள் பலர் இருப்பதால், அவர்களும் படிக்கும்படியாக இதை எழுதுகிறேன்.

நீ மாறலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக அல்ல. "மாதம் இருபத்தாறாயிரத்துக்கு மேல் வரும் மாமா" என்றாய். அந்தக் கணக்கைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மில்லில் சம்பளம் 19,000 ரூபாய், நடைக்குப் படி 150 ரூபாய் என்று சொன்னார்கள். நாளைக்கு இரண்டு நடை, மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துப் படியை 7,800 ரூபாயாக நீ சேர்த்துக்கொண்டாய். பிடித்தம் இருப்பதை மறந்துவிட்டாய். வைப்பு நிதிக்கு உன் பங்கு 12 சதவீதம். 15,000 ரூபாய் வரம்பில் கட்டினால் அது 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு முக்கால் சதவீதம், ஏறத்தாழ 143 ரூபாய். ஆகச் சம்பளத்தில் கைக்கு வருவது 17,057 ரூபாய். இரண்டு நடையும் ஓடினால் மொத்தம் 24,857 ரூபாய். ஒரு நடைதான் ஓடியது என்றால் 20,957 ரூபாய். இப்போதைய டிப்பர் வேலையில் எட்டு மாதம் 25,000 ரூபாயும், மழையிலும் குவாரி நிற்கும் நாட்களிலும் நான்கு மாதம் 12,000 ரூபாயும் கிடைக்கிறது என்று நீயே சொன்னாய். வருடத்துக்குச் சராசரி போட்டால் மாதம் 20,667 ரூபாய் வருகிறது. ஒரு நடை மட்டுமே ஓடும் தீவன வண்டிக்கும் டிப்பருக்கும் கைக்காசில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைப் பார். நீ ஆசைப்படும் அந்த மேல்பணம் முழுவதும் இரண்டாவது நடையில் இருக்கிறது; அந்த இரண்டாவது நடை நீ வண்டி ஓட்டும் திறமையில் இல்லை, மில் வாசலிலும் பண்ணை வாசலிலும் எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், லைனை விட்டுவிட்டு எட்டு மாதம் உள்ளூரில் சிமெண்ட் லோடு ஓட்டினேன் அல்லவா? பெயர் வேண்டாம், நல்ல நிறுவனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு குடோன் வாசலில் வண்டியைப் போட்டால், லோடுமேன் வந்து இறக்கி முடிக்க இரவு ஒன்பது மணி ஆகும். தூரம் நாற்பது கிலோமீட்டர். அந்த ஒன்பது மணி நேரத்துக்குக் காலணா கிடையாது, ஆனால் வண்டியை விட்டு நகரவும் கூடாது. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் இருந்துகொண்டு, வீட்டுக்குப் போக முடியாமல் கேபினில் கிடந்த நாட்கள் நாக்பூரில் கிடந்த நாட்களைவிட எனக்குக் கசப்பாக இருந்தன. லைனில் போனவன் வரமாட்டான் என்று வீட்டில் தெரியும்; உள்ளூர் வண்டிக்காரனுக்காகச் சோறு ஆறிக்கொண்டிருக்கும். எட்டாவது மாதம் மறுபடியும் லைனுக்கே போய்விட்டேன்.

காத்திருப்பு வேலையா இல்லையா என்பதில் சட்டமே கஞ்சத்தனமாகத்தான் இருந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்று நன்றாகவே எழுதியது. ஆனால் வேலை நேரம் எது என்று வரையறுக்கும் இடத்தில், முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தில் கால் மணிக்குக் குறைவானதை மட்டுமே சேர்த்துக்கொண்டது. ஒன்பது மணி நேரம் நின்றவன் எந்தக் கணக்கில் வருவான்? அந்தச் சட்டத்தை 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். எந்தச் சட்டமாக இருந்தாலும் காத்திருப்புக் கூலியை நீயாகப் பேசி, நியமனத் தாளில் எழுதி வாங்கினால்தான் உண்டு. இத்தனை மணிக்கு மேல் நின்றால் அரை நடைப் படி என்றோ, மணிக்கு இவ்வளவு என்றோ ஏதாவது ஒன்று தாளில் இருக்கட்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்று மேனேஜர் சிரித்தால், ஒரு நடைக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்.

இவ்வளவு சொல்லியும் மாறலாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், டிப்பரில் உன்னை நடைக் கூலி ஓட்டுகிறது, நீ வண்டியை ஓட்டவில்லை. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலை மேலே கூம்பாக ஏற்றச் சொல்பவர் ஓனர். லோடு கொண்டுபோக அனுமதிக்கும் நடைச்சீட்டு சரியாக இல்லையென்றால் வழியில் பதில் சொல்ல வேண்டியவன் நீ. அளவுக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதை ஓனர் கட்டிவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். அதே குற்றத்துக்கு உன் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்தால், அந்த மூன்று மாதச் சோற்றுக்கு யார் பொறுப்பு? வளையப்பட்டிப் பக்கம் நீ வேகமாக வந்ததைப் பார்த்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். உன்னைத் திட்ட மாட்டேன். ஐந்தாவது நடைக்கு ஓடுகிறவன் அப்படித்தான் வருவான்.

தீவன வண்டியில் அந்த ஓட்டம் இல்லை. மழைக்கு நிற்கும் தொழிலும் அது இல்லை. ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தின்கிறது; லட்சம் கோழி உள்ள பண்ணைக்கு ஒரு நாளைக்கு 11 டன் போய்ச் சேர வேண்டும். புரட்டாசியில் முட்டை விற்பனை படுத்தாலும் கோழி விரதம் இருப்பதில்லை. ஆகவே பன்னிரண்டு மாதமும் லோடு இருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: தீபாவளி அன்றும் கோழி தின்னும். பொங்கலுக்கும் நோம்பிக்கும் யார் வண்டி எடுப்பது, முறை வைத்திருக்கிறார்களா, புதிதாக வந்தவன் தலையில்தான் கட்டுவார்களா என்பதை இப்போதே கேட்டுவிடு. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டா என்பதையும் கேள்.

ஓட்டுவதும் வேறு மாதிரி இருக்கும். டிப்பரில் பள்ளத்தில் இறங்கி ஏறுகிற பழக்கம் உனக்கு இருக்கிறது. பண்ணைத் தடத்தில் அதைவிட ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரிய வேலை. எருமப்பட்டி, புதுச்சத்திரம் பக்கங்களில் தோட்டத்துத் தடம் ஒரு வண்டி அகலம்தான் இருக்கும், தலைக்கு மேல் மின்கம்பி தாழ்ந்து தொங்கும். குழாய் தூக்கித் தீவனத்தைத் தொட்டியில் கொட்டும் வண்டியைக் கொடுத்தால், குழாயை உயர்த்துவதற்கு முன் கீழே இறங்கி மேலே பார்க்காமல் ஒருபோதும் கை வைக்காதே. மூட்டை வண்டியைக் கொடுத்தால், இறக்க ஆள் யாருடையது என்று கேள். "நீயும் ஒரு கை பிடி" என்று ஆரம்பித்தால் ஐம்பது கிலோ மூட்டை உன் முதுகுக்கு வந்துவிடும். மில் எடைமேடைக்கும் பண்ணை எடைக்கும் வித்தியாசம் வந்தால் அதை டிரைவர் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்பது இன்னொரு கேள்வி. டயர் வெடித்ததற்கு என் முதல் ஓனர் என்னிடம் மூன்று மாதம் பிடித்தார். அந்த டயரில் நூல் தெரிந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிடித்தம் போகிறதே என்று உன் வீட்டுக்காரி வருத்தப்பட்டதாகச் சொன்னாய். அந்த 1,800 ரூபாய்க்கு இணையாக மில்லும் 1,800 ரூபாய் கட்ட வேண்டும். அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத்துக்கும் மீதி உன் கணக்குக்கும் போகும். இ.எஸ்.ஐ. இருந்தால் அவளுக்கும் குழந்தைகளுக்கும், உன்னை நம்பியிருக்கும் அக்காவுக்கும் மருத்துவம் உண்டு. வேலையில் அடிபட்டுப் படுத்தால் சம்பளத்தில் 90 சதவீத அளவுக்குப் பணம் வரும். எனக்கு முட்டி தேய்ந்தபோது என் கையில் இருந்தது பழைய டிரிப் சீட்டுகள் மட்டும்தான். ஆனால் பிடித்த பணத்தை உண்மையிலேயே கட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அங்கே இப்போது ஓட்டும் டிரைவர் ஒருவரிடம் கேட்டால், போனில் பாஸ்புக்கைத் திறந்து காட்டிவிடுவார்.

அதற்காகவே ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மில் வாசல் டீக்கடையில் போய் நில். எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது, முதல் வண்டி எத்தனை மணிக்கு வெளியே வருகிறது, டிரைவர்களில் ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர் எத்தனை பேர் என்று பார். மேனேஜர் அரை மணி நேரம் பேசியும் சொல்லாததை அந்த வரிசை சொல்லும். உனக்குக் கொடுக்கப்போகும் வண்டியையும் பார்த்து, எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி, இன்சூரன்ஸ், டயர், கைப்பிரேக் எல்லாவற்றையும் கவனி.

டிப்பர் ஓனரிடம் வாங்கிய நாற்பதாயிரம் அட்வான்ஸ் இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு சொல்லாமல் நின்றுவிடாதே. லாரிப் பட்டறையிலும் புக்கிங் ஆபீசிலும் அந்தப் பேச்சு உன்னைவிட வேகமாகப் போகும். பதினைந்தாயிரம் நான் தருகிறேன், மீதிக்குத் தவணை பேசு. உன் அசல் லைசென்ஸ் அவரிடம் இருந்தால், கணக்கு முடிக்கும் அன்றே கையில் வாங்கிவிடு.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வீட்டில்தான் இருப்பேன். மில்லில் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு வா. காத்திருப்புக் கூலி என்ற வரி அதில் இல்லையென்றால், எப்படிக் கேட்பது என்று சேர்ந்து எழுதிப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா