பணம் போகாதவரும் புகார் செய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணைய மோசடிகளைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டிஜிட்டல் கைது, ஓடிபி, பகுதிநேர வேலை தருவதாக அழைக்கும் வாட்ஸ்அப் குழு எல்லாம் இருந்தன. இணைய ஏலம் மட்டும் இல்லை. நான்கு பேர் புழங்கும் சந்துதானே என்று கட்டுரையாளர் விட்டிருக்கலாம். அந்த நான்கு பேரில் நான் ஒருவன்.

தபால் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். பழைய தபால் உறைகள் சேர்ப்பது பொழுதுபோக்கு. எங்கள் நாகர்கோவில் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்த அரசின் சொந்தத் தபாலுக்கு ‘அஞ்சல்’ என்றே பெயர். 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு இணைந்தது. 1888 முதல் அவர்கள் வெளியிட்ட சங்குச் சின்னத் தபால் தலைகள் ஒட்டி, எங்கள் ஊர் முத்திரை விழுந்த உறைகள் இன்று நாகர்கோவிலில் கிடைப்பதைவிட இங்கிலாந்தில் யாராவது ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பி இபே என்ற இணைய ஏலத் தளத்துக்கு வருவதுதான் அதிகம். இபேயின் இந்தியத் தளம் 2018இலேயே மூடப்பட்டுவிட்டதால், வெளிநாட்டுத் தளத்தில்தான் நாங்கள் ஏலம் கேட்கிறோம்.

அப்படி ஓர் உறைக்கு 58 பவுண்டு வரை கேட்டேன். 60 பவுண்டுக்கு வேறொருவர் எடுத்துவிட்டார். இரண்டாம் நாள் இரவு ஒரு மின்னஞ்சல் வந்தது. வென்றவர் பணம் கட்டாமல் ஒதுங்கிவிட்டார், நீங்கள் கேட்ட 58 பவுண்டுக்கே உறை உங்களுக்கு, 24 மணி நேரத்துக்குள் பணத்தை அனுப்புங்கள் என்று விற்பவர் எழுதியிருந்தார். உறையின் படம், பொருளின் எண், இபேயின் வண்ண எழுத்துச் சின்னம் எல்லாம் இருந்தன. உறை உங்கள் கைக்கு வரும்வரை பணம் இபேயின் பொறுப்பில் இருக்கும் என்று ஒரு வரி வேறு. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, மகிழ்ச்சியில்.

இதில் விஷயம் என்னவென்றால், ‘இரண்டாம் வாய்ப்பு’ என்ற ஏற்பாடு இபேயில் உண்மையாகவே இருக்கிறது. வென்றவர் பணம் கட்டாவிட்டாலோ, விற்பவரிடம் அதே பொருள் இன்னொன்று இருந்தாலோ, தோற்றவருக்கு அவர் கேட்ட விலைக்கே விற்பவர் பொருளைத் தரலாம். ஏலம் முடிந்து 60 நாள் வரை இதற்கு அனுமதி உண்டு. நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லித்தான் இவர்கள் வலை விரிக்கிறார்கள். லாட்டரியில் பத்துக் கோடி என்று வந்திருந்தால் நானும் சிரித்துவிட்டு அழித்திருப்பேன்.

மறுநாள் காலை பாஸ்புக்கோடு வங்கிக்குப் போனேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவத்தை நிரப்பி நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை வாசித்துவிட்டு, “சார், பொருள் இங்கிலாந்தில் இருக்கிறது என்கிறீர்கள். கணக்கு வேறு நாட்டில் இருக்கிறதே? விற்பவர் பெயரும் கணக்குப் பெயரும்கூட ஒன்றாக இல்லையே?” என்று கேட்டார். என் மகள் வயதுதான் இருக்கும். படிவத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகுதான் தபால்காரன் புத்தி வேலை செய்தது. உறையின் இடப்பக்கம் ‘அனுப்புநர்’ என்று யாரும் எதையும் எழுதலாம்; கலெக்டர் என்றுகூட எழுதலாம். தபால் எங்கிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்வது முத்திரை. மின்னஞ்சலுக்கும் அப்படித்தான். மேலே தெரியும் பெயர் அனுப்புகிறவர் எழுதிக்கொண்டது. ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ (மூலத்தைக் காட்டு) என்பதை அழுத்தினால், கடிதம் எந்தெந்தக் கணினி வழியாக வந்தது, சொல்லிக்கொள்ளும் நிறுவனத்திடமிருந்துதான் வந்ததா என்ற சோதனையில் தேறியதா என்பதெல்லாம் வரிசையாக விரியும். என்னுடையது தேறவில்லை. பதில் போகவேண்டிய முகவரியும் ஏதோ ஓர் இலவச மின்னஞ்சல் கணக்கு.

உள்ளே இருந்த இணைப்பையும் பார்த்தேன், அழுத்தாமல். கடிதம் பிரிக்கும்போது நாங்கள் முதலில் பெயரைப் படிப்பதில்லை. அடியில் இருக்கும் ஊரையும் பின்கோடையும்தான் பார்ப்போம். இணைய முகவரியிலும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் ஊர். முன்பக்கம் ‘இபே’ என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் அது வெறும் அலங்காரம். இந்த முகவரியில் ஊர் வேறாக இருந்தது.

இவ்வளவு ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. உண்மையான இரண்டாம் வாய்ப்பு, தளத்துக்குள் நம் கணக்கில் இருக்கும் செய்திப் பெட்டிக்கும் வந்திருக்கும். என் பெட்டி காலி. பணமும் தளத்தின் வழியாகத்தான் கட்ட வேண்டும்; வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்ற வழிகளை இபே தடை செய்திருக்கிறது. தளத்துக்குள்ளேயே விற்பவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டேன். உறை வென்றவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அன்று மாலையே பதில் வந்தது.

ஏலத்தில் தோற்றவன் நான் என்பது மோசடிக்காரனுக்கு எப்படித் தெரிந்தது? ஏலம் கேட்பவர்களின் பெயர்களை இபே பல ஆண்டுகளாக நட்சத்திரக் குறிகளால் மறைத்துத்தான் காட்டுகிறது. தவறு என்னுடையது. சேகரிப்பாளர்களின் ஃபேஸ்புக் குழுவில், “இரண்டு பவுண்டில் கை நழுவிவிட்டது” என்று அந்த உறையின் படத்தோடு புலம்பியிருந்தேன். என் மின்னஞ்சல் முகவரியும் அங்கேயே இருந்தது.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். காவல் நிலையத்தில், “பணம் போகவில்லையே, பிறகு என்ன புகார்?” என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் கொக்கியில் சிக்காத மீன் மட்டும்தான் கொக்கியைப் பற்றிச் சொல்ல முடியும். மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்தேன். இபே இதற்கென்றே ‘ஸ்பூஃப்’ என்று தொடங்கும் முகவரி வைத்திருக்கிறது, அதற்கு அனுப்பினேன். வெறுமனே ஃபார்வர்ட் செய்தால் முத்திரைகள் உதிர்ந்துவிடும். இணைப்பாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஜிமெயிலில் ‘ஃபிஷிங்’ (தூண்டில் மோசடி) என்று புகார் செய்யத் தனி வசதி இருக்கிறது. மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்தேன். பணம் அனுப்பிவிட்டவர் மட்டும் எதையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 1930ஐ அழைக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

உங்கள் இதழ் இனி இப்படிச் செய்திகள் வெளியிடும்போது, எத்தனை லட்சம் போனது என்பதோடு அந்த மின்னஞ்சல் எப்படி இருந்தது என்பதையும், எங்கே புகார் செய்வது என்பதையும் நாலு வரியில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகாரெல்லாம் செய்துவிட்டேனே தவிர, குழுவில் எதுவும் எழுதவில்லை. போஸ்ட்மாஸ்டராக இருந்தவன் போலி உறைக்கு ஏமாறப் பார்த்தான் என்று சொல்ல வெட்கம். ஆறாம் நாள்தான் எழுதினேன். எழுதிய அரை மணி நேரத்தில் கேரளத்து நண்பர் ஒருவர் போன் செய்தார். வேறொரு தபால் தலைக்கு, அதே வாசகத்தில் அவருக்கும் வந்திருக்கிறது. 9,000 ரூபாய் அனுப்பிவிட்டார். எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்டேன். முந்தாநாள் என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர்,
நாகர்கோவில்.