விடைத்தாளை விரித்து வைத்து இலக்கு எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘என் வளர்ச்சியும் இலக்கும்’ என்று ஒரு பக்கம் எழுதி வாங்கும் பள்ளிகள் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் ‘கணக்கில் 62 எடுத்தேன், அரையாண்டில் 90 எடுப்பேன், நன்றாகப் படிப்பேன்’ என்பதோடு அது முடிந்துவிடுகிறது. இடையில் உள்ள 28 மதிப்பெண் எங்கே போனது என்று ஒரு சொல் இல்லை. சம்பாப் பயிர் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவா, வடிகால் அடைப்பா, பூச்சியா என்று வரப்பில் இறங்கிப் பார்க்கிறோம். பிள்ளையின் படிப்புக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடைத்தாள் கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள், பாடத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். குறைந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் பிள்ளையே ஒரு குறி போடட்டும்: படிக்காமல் விட்டதற்கு ‘ப’, தெரிந்தும் தவறியதற்கு ‘த’, நேரம் போதாததற்கு ‘நே’, கேள்வியை மாற்றிப் புரிந்துகொண்டதற்கு ‘கே’. எல்லாமே ‘ப’ என்று நினைத்து பிள்ளைகள் முதல் பாடத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்குவார்கள். ‘த’வுக்கு வாசிப்பு மருந்தாகாது, கையால் திரும்ப எழுதிப் பார்க்க வேண்டும். ‘நே’வுக்குக் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

கணக்கில் இது பளிச்சென்று தெரியும். 100 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் பகுதிக்கு 20, ஐந்து மதிப்பெண் பகுதிக்கு 50, வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. அந்த 16-இல் விழும் பிழைகள் பெரும்பாலும் ‘த’தான். வடிவொத்த முக்கோணத்தில் காரணி 7/3 என்றால் (பக்கங்கள் 7/3 மடங்காக வேண்டும்) அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து வரைந்த கதிரில் சம இடைவெளியில் 7 புள்ளி குறித்து, மூன்றாம் புள்ளியை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு சேர்த்து, ஏழாம் புள்ளி வழியே அதற்கு இணைகோடு வரைய வேண்டும். 3/7-க்குப் பழகிய கை ஏழாம் புள்ளியைச் சேர்த்துவிடும். பெரிதாக வர வேண்டிய முக்கோணம் சிறிதாகிவிடும். இருபடிச் சமன்பாட்டு வரைபடத்தில் அட்டவணையைச் சரியாகப் போட்டுவிட்டு, புள்ளிகளை அளவுகோலால் இணைப்பார்கள். அது வளைகோடு, கையால்தான் வரைய வேண்டும். அளவுத்திட்டம் எழுத மறப்பதும் உண்டு. ஆகவே இலக்கு ‘90’ அல்ல. ‘தினமும் ஒரு வடிவியல் அல்லது வரைபடம், 15 நிமிடத்தில், இருபது நாள்’ என்று எழுதினால் அது இலக்கு. இன்னொன்று: ஐந்து மதிப்பெண் பகுதியில் 14 வினாக்களில் 10 எழுதினால் போதும் என்று பாடங்களைக் கழித்துவிடுகிறவர்கள், 42-ஆம் வினா கட்டாயம் என்பதை மறக்கிறார்கள். இரண்டு மதிப்பெண்ணில் 28-ஆவதும் அப்படியே.

தமிழில் அலகிடுதல், அதாவது செய்யுளின் சீர்களை அசை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்வது, சிக்கலான இடம். ‘அகர முதல’ குறளின் ஈற்றுச்சீர் ‘உலகு’ என்பதை நிரை நேர் என்று பிரித்துப் புளிமா என்று எழுதுவார்கள். குறளும் வெண்பாதான்; வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் முடியும். ‘உலகு’ நிரையசையோடு குற்றியலுகரம் சேர்ந்த நிரைபு, வாய்பாடு பிறப்பு. தினம் ஒரு குறளை அலகிட்டால் ஒரு மாதத்தில் இந்தக் குறை தீரும். ஆங்கிலத்துக்கும் சமூக அறிவியலுக்கும் குறி போடும் வேலை இதேபோலத்தான். நிலப்படத்தை மட்டும், புத்தகத்தைப் பாராமல் வரைந்து பழகச் சொல்லுங்கள்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20-உம் செய்முறையில் 15-உம் தனித்தனியே வேண்டும். கணக்கீடுகளில் அலகை விடுவதும் வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யாமல் விடுவதும்தான் அடிக்கடி காணும் ‘த’.

நம் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையிலான ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. பள்ளிக்கு விடுமுறை, வீட்டில் மின்சாரம் இல்லை, தாழ்வான தெருக்களில் தண்ணீர். எனவே வகுப்பை நம்பிய இலக்கும் இரவுப் படிப்பை நம்பிய இலக்கும் நிலைக்காது. ஆசிரியர் துணையின்றி, பகல் வெளிச்சத்தில், அரைமணி நேரத்தில் முடியும் வேலையாக இலக்கைத் துண்டு போடுங்கள். குறி போட்ட விடைத்தாளை பாலித்தீன் உறையில் போட்டுப் பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள். அது பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் மழை விடுமுறையில் யாருக்கும் பயனில்லை.

அரையாண்டு விடைத்தாள் வந்ததும் குறிகளை மீண்டும் எண்ணுங்கள். மொத்த மதிப்பெண் அவ்வளவாக ஏறாவிட்டாலும் பன்னிரண்டாக இருந்த ‘த’ ஐந்தாகியிருந்தால், மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வரும் பெற்றோரிடம் அந்த எண்ணிக்கையையும் காட்டுங்கள்.

– ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர்கள்,
மன்னார்குடி