அண்ணனுக்கு, அந்த 1982 இசைத்தட்டோடு சேர்த்து

அண்ணா,

நாளை மதியம் கூரியர்காரர் வருவார். பன்னிரண்டு வருடமாக என்னிடம் கிடந்த, பரோன் ரோஹோ குழுவின் 'வொலூமென் ப்ருத்தால்' தட்டை உன் முகவரிக்கு அனுப்புகிறேன். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பழைய துண்டைச் சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டியாகிவிட்டது. இன்னொரு தடவை கேட்கலாம் என்று எனக்கே ஆசை வந்தாலும் பிரிக்க முடியாத அளவுக்கு ஒட்டியிருக்கிறேன்.

மாட்ரிடின் வயேகாஸ் பகுதியையும், நம் சாப்பாட்டுக் கடையையும், நாம் இருந்த ஒற்றை அறையையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணக் கணக்கும் உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. சித்தி வீட்டிலிருந்து எல்லோரும் இதைப் படிக்கிறார்கள். அது நம் இருவரோடு இருக்கட்டும்.

கடைசி ராத்திரிதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். நீ பெரிய குண்டானின் அடிப்பிடித்த சோற்றைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாய். அரிசி மூட்டைக்கு மேல் பலகையில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டு, உறையைத் துடைக்காத கையாலேயே எடுத்து வைத்தாய். அதன் மூலையில் உன் கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்தது. நான் போகிறேன் என்று சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போ. ஷெர்பா போன மாதிரி போ" என்றாய்.

மற்றவர்களுக்கு இது புரியாது என்பதால் மட்டும் இரண்டு வரி. மாட்ரிடில் அர்மாந்தோ, கார்லோஸ் தெ காஸ்த்ரோ என்ற அண்ணன் தம்பி 1980-ல் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு பரோன் ரோஹோ. பாஸ் வாசித்துப் பாடியவர் ஷெர்பா, டிரம்ஸில் உருகுவேக்காரர் எர்மெஸ் கலாப்ரியா. 1989-ல் 'ஒப்ஸ்தினாத்தோ' ஆல்பம் வந்தபிறகு ஷெர்பாவும் எர்மெஸும் விலகினார்கள். சகோதரர்கள் பெயரை விடவில்லை. புது ஆட்களோடு 1992-ல் 'தெசாஃபியோ' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள்.

உனக்கு எப்போதும் சகோதரர்கள் பக்கம்தான் நியாயம். இருந்து சுமந்தவன்தான் உழைத்தவன் என்பாய். சரி, சுமந்தார்கள்தான். ஆனால் ஷெர்பாவும் அவர் மனைவி கரோலினா கோர்தேஸும் எழுதிய வரிகள் இல்லாமல் அந்தக் குழு ஏது? ஒன்பது வருடம் கொடுத்துவிட்டுப் போனவனை நீ ஓடிப்போனவன் என்றாய். அவர்களுடைய முதல் தட்டில் 'லோஸ் தெசெர்தோரெஸ் தெல் ராக்', அதாவது 'ராக்கை விட்டு ஓடியவர்கள்' என்ற பாட்டு வரும்போதெல்லாம் என் பக்கம் கை காட்டுவாய், நான் போவதற்கு முன்பிருந்தே. அது எனக்கு வலித்தது, அண்ணா. வேலைக்கு வந்த பையன்களுக்கு எதிரில்கூட அப்படிச் செய்தாய்.

ஆனால் எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தது நீதான். இந்தத் தட்டில் வரும் 'ரெசிஸ்திரே' பாட்டின் பெயரை பில் தாளின் பின்னால் எழுதி, கடைசி எழுத்தின் மேல் இருக்கும் கோட்டை விரலால் தட்டி, "இதுதான் எதிர்காலம், தாக்குப்பிடிப்பேன்னு அர்த்தம்" என்றாய். 'எர்மானோ தெல் ராக் அண்ட் ரோல்' பாட்டைக் கேட்ட நாளிலிருந்து என்னை 'எர்மானோ', சகோதரன் என்றுதான் கூப்பிட்டாய். காய்கறிக்காரருக்கே என் பெயர் அதுதான் என்று நினைப்பு. இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

உள்ளூர்க்காரர்களுக்காகச் சாப்பாட்டில் காரத்தைக் குறைக்கலாம் என்று நான் சொன்னபோது நீ இந்தத் தட்டைத்தான் எடுத்துக் காட்டினாய். லண்டனில், டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லனின் ஸ்டுடியோவில், இதே பாட்டுகளை ஆங்கிலத்திலும் பாடிப் பதிவு செய்தார்கள். அதே 1982-ல் இங்கிலாந்தின் ரீடிங் இசை விழாவிலும் வாசித்தார்கள். "இங்கே அந்த ஆங்கிலத் தட்டை யார் கேட்கிறார்கள்?" என்றாய். அந்த வாதத்தில் நீ ஜெயித்தாய். கடையில் பாதி மேசை காலியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, கூட்டம் வரும் நாளுக்கு முந்தின ராத்திரி விட்டுப்போனது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். விட்டுப்போனதற்குக் கேட்கவில்லை. இருந்திருந்தால் நான் உன்னை வெறுத்திருப்பேன். உப்பு போடக்கூட என்னை விடமாட்டாய். ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அப்புறம் ஊருக்குப் போன் போட்டு என்ன சொன்னாய் என்பது எனக்கு வந்து சேர்ந்தது. அதையும் இங்கே எழுதவில்லை.

2010 வாக்கில் அந்த நால்வரும் திரும்பச் சேர்ந்து மேடை ஏறினார்கள், நினைவிருக்கிறதா? இருபது வருட மனத்தாங்கலை ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நீயே கண் கலங்கினாய். ஆனால் ஒரு கச்சேரிக்கும் நாம் போகவில்லை. ஒரு நாள் கடையை மூட உனக்கு மனசு வரவில்லை. அந்தச் சேர்க்கை நிலைக்கவும் இல்லை. அன்றைக்குப் போயிருக்கலாம், அண்ணா.

பார்சலைப் பிரித்ததும் நீ முதலில் பார்க்கப்போவது கடைசிப் பாட்டைத்தான் என்று தெரியும். செத்துப்போன ராக் கலைஞர்களுக்காகப் பாடிய 'கொன்சியெர்த்தோ பாரா எயோஸ்'. அதன் நடுவில் ஊசி குதிக்கும். ராஸ்த்ரோ பழம்பொருள் சந்தையில் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீ அவரைத் திட்டுவாய். அவர் நல்ல தட்டுதான் கொடுத்தார். வாங்கி வந்த இரண்டாம் நாள், நீ சந்தைக்குப் போயிருந்தபோது, ஈரக் கையோடு ஊசியை எடுக்கப்போய் வழுக்கிவிட்டது. அந்தக் கீறல் நான் போட்டது.

மஞ்சள் ரேகையைத் துடைக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

உன் எர்மானோ