டயர் வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம்

அடிலெய்ட்
ஞாயிறு மதியம்

மாப்ளே இளங்கோ,

நலம், நலமறிய ஆவல், மற்றவை நேரில் என்று மூன்று வரியில் முடித்திருப்பேன். நீ அனுப்பிய டயர்க்கடை விலைச்சீட்டைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று தங்கச்சி சிரிக்கும். சிரிக்கட்டும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு. அதனால் வீட்டில் நான் சத்தமாக இருமக்கூட அனுமதி இல்லை. நம்ம சிநேகிதன் தடியன் பெர்த்துக்கே போய்விட்டான். சுரங்க வேலை, இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீடு. பணம் கொட்டுகிறதாம். எனக்குத் தர வேண்டிய பழைய வத்தலக்குண்டு பாக்கியை மட்டும் இன்னும் தரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு வருஷப் பழைய டொயோட்டா பிராடோ ஜீப் வாங்கியிருக்கிறாய், நல்ல காரியம். ஜூலை லீவில் எங்கள் மாநிலத்து உள்நாட்டு மண் ரோடான ஊட்னடாட்டா டிராக்கில் போகப் போகிறாய், அதைவிட நல்ல காரியம். அதற்காக ஒரு டயர் 140 டாலர் என்று நான்கு டயருக்குச் சீட்டு வாங்கி, 'எப்படி நம்ம பேரம்?' என்று கேட்டிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. விலை குறைவு என்று நான் குற்றம் சொல்லவில்லை. ஹாஸ்டலில் ஒரு பேஸ்டை நான்கு பேர் பிதுக்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். மலிவான டயரில் உள்நாட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர். ஆனால் எதில் மலிவு பார்ப்பது என்று இருக்கிறது.

சீட்டை இன்னொரு தரம் பார். 265/65R17 112H என்று போட்டிருக்கிறான். அளவு சரி. 112 என்பது சுமை எண். ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். அதிலும் குறையில்லை, உன் வண்டி முழுச் சுமையோடு மூன்று டன்னைத் தாண்டாது. H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. உன் பிராடோ அந்த வேகத்தில் போனால் எனக்கும் சொல், நான் கார் ரேஸுக்கு டிக்கெட் எடுப்பதை நிறுத்திவிடுகிறேன். விஷயம் என்னவென்றால், அது பயணிகள் காருக்கான கட்டுமானம் உள்ள தார் ரோட்டு டயர். பக்கச் சுவர் மெல்லியது. மெல்போர்னில் கடை கண்ணிக்கும் பிலிப் தீவுக்கும் போய்வர அது போதும், சொல்லப்போனால் சொகுசாகவே இருக்கும்.

நீ கேட்க வேண்டியது 'எல்.டி.' என்று தொடங்குகிற டயர். LT265/65R17, 120/117 என்று போட்டிருக்கும், பின்னால் S அல்லது R. லைட் டிரக் கட்டுமானம். ரப்பர் கனம், அடுக்குகள் கனம், கல் கொத்தினால் தாங்குகிற சக்தி அதிகம். அதிலேயே தார், மண் இரண்டுக்கும் பொதுவான 'ஆல் டெரெய்ன்' போதும். சேற்றுக்கென்றே செய்த 'மட் டெரெய்ன்' எடுக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதே. அங்கே சேறு என்றால் ரோட்டையே மூடிவிடுவார்கள். மூடிய ரோட்டில் போனால் அபராதம். பிறகு எதற்கு அந்த இரைச்சல்?

எல்.டி. எடுத்தால் நஷ்டமும் உண்டு. டயர் எடை கூடும், டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், காலியாக ஓட்டும்போது குலுக்கும். தார் ரோட்டில் அதே சுமைக்குக் காற்றும் கொஞ்சம் அதிகம் வைக்க வேண்டும். மலிவு எல்.டி.யில் இன்னொரு குறை, மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் நல்ல டயரை விடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். வருஷத்தில் பத்து நாள் மண் ரோடு, மீதி நாளெல்லாம் மெல்போர்ன் மழை என்று ஓட்டுகிற உனக்கு இதுதான் யோசிக்க வேண்டிய இடம். அதனால் ஆக மலிவைப் பிடிக்காமல், ஒரு படி மேலே கும்ஹோ, ஹான்கூக், நெக்ஸன் என்று கொரியாக்காரர்கள் அல்லது தைவானின் மாக்ஸிஸ் பார். பி.எஃப். குட்ரிச் அளவுக்குப் பணம் போட வேண்டாம். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடிக்கடி தள்ளுபடி வருகிறது, அதற்குக் காத்திரு. எம்.ஆர்.எஃப். கிடைக்குமா என்று உன் அப்பா கேட்பார், எனக்குத் தெரியும். திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய கம்பெனி என்று ஒரு மணி நேரம் கதையும் சொல்வார். கேட்டுக்கொள், வாங்குவதை மட்டும் இங்கே சர்வீஸ் உள்ளதில் வாங்கு.

அந்த டிராக்கில் வில்லியம் கிரீக்குக்கும் கவர்ட் ஸ்பிரிங்ஸுக்கும் நடுவே போன செப்டம்பரில் பார்த்ததைச் சொல்கிறேன். குவீன்ஸ்லாந்திலிருந்து ஒரு தம்பதி, ரிட்டயரானவர்கள், புத்தம் புது டபுள் கேப் வண்டி. இடது பின் டயர் டயராகவே இல்லை. தரையைத் தொடும் பட்டை தனியாக ஒரு வளையம், பக்கச் சுவர் தனியாக இன்னொரு வளையம். அந்த வளையத்துக்குள் கையை விட்டேன். உள்ளங்கை நிறையக் கறுப்புத் தூள் வந்தது, அரைத்த ரப்பர், அப்போதும் சூடாக இருந்தது. ஆணி இல்லை, வெட்டு இல்லை. மெல்லக் காற்று இறங்கியிருக்கிறது, அவர் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார், குலுக்கலில் தெரியவில்லை. கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சுடும் அல்லவா, காற்றில்லாத டயரின் பக்கச் சுவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் அதே கதி. வேகமும் சுமையும் சேர்ந்தால் அது தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது.

ஸ்பேர் மாட்டிக் கிளம்பியதும் கல்லில் பட்டு அதுவும் போயிற்று. அழகான 20 அங்குலச் சக்கரம் வேறு. பக்கச் சுவர் உயரம் குறைவு, கல்லுக்கும் ரிம்முக்கும் இடைவெளியே இல்லை. அந்த அளவு டயர் வில்லியம் கிரீக்கில் இல்லை, கூபர் பெடியிலிருந்து வர வேண்டியிருந்தது. அந்த அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார், அவருக்கு மனசு பெரிசு. உன் பழைய வண்டிக்கு 17 அங்குலம் என்பது இந்த விஷயத்தில் யோகம். பளபள என்று பெரிய அலாய் மாட்டலாமா என்று நினைப்பு வந்தால் என்னைக் கூப்பிடு, திட்டுகிறேன்.

காற்று விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுக்காதே. அங்கே தரை முழுக்க கிப்பர் என்கிற கூர்மையான, இரும்பு மாதிரியான கல். படுத்துக் கிடக்கிற கல்லை முன் டயர் நிமிர்த்திவிடும், பின் டயர் அதன் விளிம்பில் ஏறும். பஞ்சர் பெரும்பாலும் பின்னால்தான். தார் ரோட்டுக்கு வைத்த 38, 40 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தோடு போனால் டயர் விறைத்து நிற்கும், கல் நேராகக் குத்தும். மண்ணில் இறங்கியதும் 28 பக்கம் இறக்கு, சுமையைப் பொறுத்து இரண்டு முன்னே பின்னே. இறக்கினால் வேகத்தையும் 80-க்குள் கொண்டு வா. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் அந்தக் குவீன்ஸ்லாந்துக்காரர் கதைதான். ஊட்னடாட்டாவில் பிங்க் ரோட்ஹவுஸ் நடத்திய ஆடம் பிளேட் காலமாகும் வரை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் டிரம் மூடியில் எழுதி நட்ட அறிவிப்புகளும் அவர் கைவேலைதான், நிறுத்திப் படி.

சரியாக வைத்திருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? காலையில் ஆறிய டயரில் அளந்து வை. ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடி அள. எல்.டி. டயரில் ஆறு பி.எஸ்.ஐ. வரை ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறினால் டயர் அதிகம் வளைந்து சூடாகிறது, காற்று போதவில்லை அல்லது நீ வேகம். ஏறவே இல்லையென்றால் காற்று கூடுதல். இவ்வளவுதான் வித்தை. நம்ம பாண்டி இதற்கு ஒரு எக்ஸெல் போட்டு வைத்திருக்கிறான், கேட்டுவிடாதே.

அதனால் கணக்கை மாற்று. டயருக்கு ஒன்றுக்கு அந்த 140-ஐ விடக் கூடச் செலவு செய். விலை உயர்ந்த டயரோடு ஒப்பிட்டால் கையில் மிச்சமாகும் பணத்தில் நல்ல அழுத்தமானி, பேட்டரியில் நேராகக் கவ்வுகிற கம்ப்ரசர், கயிறு வைத்து அடைக்கும் பஞ்சர் கிட், ஒரு பழைய இரும்பு ரிம்மில் இரண்டாவது ஸ்பேர். ஆறு போல்ட் ரிம், உடைப்புக் கடையில் கிடைக்கும். கூரையில் கட்டினால் இறுக்கிக் கட்டு. முப்பது கிலோ சாமான் அது.

அப்புறம், பின் கதவில் தொங்குகிற ஸ்பேர். உறையைக் கழற்றிப் பார்த்தாயா? அதன் பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படி. 3519 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 35-ஆவது வாரம் செய்தது. உன் வண்டியில் கம்பெனியில் மாட்டியதே இருந்தாலும் ஆச்சரியமில்லை. பள்ளம் புதிதாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். புது டயர் என்றால் நான்கு இல்லை, ஐந்து. இதில் பேரம் கிடையாது.

நான் இவ்வளவு நச்சரிப்பதற்குக் காரணம் டயர் இல்லை இளங்கோ. அப்பாவையும் கூட்டிப் போவதாக எழுதியிருக்கிறாய். மதுரையில் நூறு அடிக்கு ஒரு பஞ்சர் கடை, பக்கத்திலேயே டீக்கடை. இங்கே மாரீயிலிருந்து வில்லியம் கிரீக் 200 கிலோமீட்டர், அங்கிருந்து ஊட்னடாட்டா இன்னொரு 200, நடுவில் போன் எடுக்காது. சுற்றி அன்னா கிரீக், உலகத்திலேயே பெரிய மாட்டுப் பண்ணை, மாட்டைத்தான் பார்க்க முடியாது. ஜூலை பகல் இதமாக இருக்கும். ராத்திரி உறைகிற குளிர். இன்சுலின் போடுகிற மனிதர், வேளைக்குச் சாப்பிட வேண்டும். நானும் நீயும் என்றால் ரோட்டோரம் ஒரு ராத்திரி உட்கார்ந்து பழைய கதை பேசலாம். அவரை அப்படி உட்கார வைக்க முடியாது. சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்கிறது, எடு. ஒரு நாள் சாப்பாடு, தண்ணீர், கம்பளி கூடுதலாக வை. அவர் மாத்திரைப் பை கூரையில் போகக் கூடாது, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

மற்றபடி அவரைக் கூட்டிப் போவதுதான் நியாயம். ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்தவர். 1980-இல் மூடிய பழைய கான் ரயில் பாதை அந்த ரோட்டோடேயே வருகிறது. இடிந்த ஸ்டேஷன், அல்கபக்கினாவில் பெரிய இரும்புப் பாலம். பாலத்தில் இறங்கினால் திரும்ப ஏற்றுவது உன் பாடு.

டயர் மாட்டியதும் உடனே கிளம்பாதே, சுமை ஏற்றி ஒரு நாள் ஓட்டிப் பார், நட்டை மறுபடி இறுக்கு. ஐந்தின் பக்கச் சுவரும் தெரிகிற மாதிரி படம் அனுப்பு. வழியில் எங்கள் வீட்டில் இரண்டு ராத்திரி, அதில் மாற்றமில்லை. நானும் என் வண்டியை எடுத்துக்கொண்டு மாரீ வரையாவது வருகிறேன், லீவு கிடைத்தால் டிராக் முடிகிற மார்லா வரை. தங்கச்சியிடம் புளிக்காய்ச்சல் கேட்டேன் என்று சொல். தக்காளி, பழம் எதையும் தூக்கி வராதே. பழ ஈ பயத்தில் எங்கள் மாநிலத்துக்குள் விடமாட்டார்கள், பிடித்தால் அபராதம் நீதான் கட்ட வேண்டும்.

உன்
செல்வம்