தறித்த வேம்புக்கு ஈடாக ஒரு மாடித் தோட்டம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள பழைய மாணவர்களே, பெற்றோரே, ஊரவர்களே,

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தனுக்குத் திருவிழாக் கொடியேறிவிட்டது. வெளிநாட்டு உறவுகள் பலர் வந்து நிற்கிறீர்கள். ஐப்பசி மழைக்கும் அதிக நாள் இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறோம்.

ஒருநாள் இடைவேளை நேரம் எமது பாடசாலைக்கு வந்து பாருங்கள். நகர் நடுவே, கடைச் சுவர்களுக்குள் ஒடுங்கிப்போன வளவு. தரம் 3 பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக இருந்து, சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். எழும்பி ஓடினால் "ஓடாதே" என்கிறோம். முற்றத்து வேம்பை வகுப்பறை கட்டுவதற்காகத் தறித்தது நாங்கள்தான். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்த நிழல் பிள்ளைகளுக்கு நாங்கள் பட்ட கடன்.

ஆறுமுக நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கிய மண் இது. எமது பாடசாலையும் பிடியரிசி சேர்த்துக் கிடுகுக் கொட்டிலில் தொடங்கியதுதான் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். 1995 யுத்த இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது கூரையில் ஓடில்லை, வகுப்பில் கதிரையில்லை. அவற்றைத் தந்தவர்களும் நீங்கள்தான்.

இப்போது மிஞ்சியிருப்பது மொட்டை மாடி, 3,200 சதுர அடி. பொறியியலாளர் தூண், வளை (பீம்) எல்லாம் பார்த்துவிட்டார். ஒரு சதுர அடிக்கு ஆறு அங்குலம் மண் போட்டால் நனைந்ததும் கிட்டத்தட்ட 25 கிலோ வரும். ஆகையால் பாரம் குறைந்த தும்புச்சோறும் (தென்னந்தும்புத் தூள்) கூட்டெருவும் கலந்த பாத்திகள், அதுவும் வளைகளுக்கு நேர் மேலே மட்டும். வல்லாரை, பொன்னாங்காணி, கற்பூரவள்ளி, நிழலுக்குப் பாகற்பந்தல். நடுவில் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடக் கோடு. ஒரு அங்குலம் மழை பெய்தால் இந்த மாடியில் 7,500 லீற்றர் விழும். ஆறில்லாத ஊரில் அதை வாய்க்காலுக்கு விடலாமா? தாங்கியில் பிடித்துச் செடிக்கு விடுவோம்.

செலவு இதுதான். நீர்க்கசிவுத் தடுப்பு 9,60,000 ரூபா. எட்டடிக் கம்பி வேலி 13,40,000. அவசரத்துக்கு இரண்டாவது இரும்புப் படிக்கட்டு 6,50,000. விளையாடும் இடத்துக்கு றப்பர் விரிப்பு 9,60,000. பாத்தியும் பந்தலும் 5,00,000. தாங்கியும் குழாயும் 3,90,000. மொத்தம் 48 இலட்சம். கையில் 31 இலட்சம். குறைவது 17 இலட்சம்.

தந்தவர்களை மறக்கமாட்டோம். தன் ஒரு மாத ஓய்வூதியத்தை உறையோடு கொண்டுவந்து முதலில் வைத்த எங்கள் பழைய ரீச்சருக்கும், குளிரில் இரண்டு வேலை செய்து அனுப்பிய ரொறன்ரோ, லண்டன் பிள்ளைகளுக்கும், சீமெந்தை வாங்கிய விலைக்கே தருவதாகச் சொன்ன கடைக்கார ஐயாவுக்கும் கைகூப்புகிறோம். எல்லோரிலும் மேலாக, நாட்கூலியில் 500 ரூபா எடுத்து வைத்த பெற்றோருக்கு. அந்த நோட்டுகளை எண்ணும்போது கை கூசியது.

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கூட்டத்தில் எழும்பித் தொகை சொன்ன 11 பேரிடமிருந்து இன்னும் பணம் வந்து சேரவில்லை. சபையில் சொன்ன வாக்கு அல்லவா? பொன்னாடைக்கும் பதாகைக்கும் செலவழிக்கிற நாங்கள் பிள்ளைகள் ஓட ஒரு இடத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

புரட்டாதி முடிய முன்னர் நீர்க்கசிவு வேலையும் வேலியும் முடிந்தாக வேண்டும். பிந்தினால் மழை, அப்புறம் தை வரை கை வைக்க முடியாது. பணத்தை அதிபர் காரியாலயத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வரவுசெலவை ஒவ்வொரு வெள்ளியும் வாசல் பலகையில் ஒட்டுகிறோம். காசாக முடியாதவர்கள் ஒரு சாக்கு கூட்டெரு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்த மாடித் தோட்டக் குழு